பெல்ட் ஏன் இவ்வளவு விரைவில் தேய்கிறது?

கேள்வி: எங்கள் மண்டபத்தின் குளிரூட்டலுக்கான காற்றுக் கையாளும் இயந்திரத்தில் புதிய பெல்ட் பூட்டி இரண்டு மாதமாகவில்லை, கீச்சிடுகிறது, அடியில் கறுப்புத் தூளும் விழுகிறது. பெல்ட் தரமற்றதா?
– வாசகர், வெள்ளவத்தை

பதில்: அந்தத் தூள் பெல்ட்டின் ரப்பர்தான். ஆயினும் பெல்ட்டைக் குறைகூறுமுன், மின்சாரத்தைத் துண்டித்து ஆளியைப் பூட்டிவிட்டு, மோட்டார்க் கப்பி, விசிறிக் கப்பி இரண்டின் முகப்பிலும் ஒரு நூலை இழுத்துப் பிடியுங்கள். ஒவ்வொரு கப்பியின் இரு விளிம்புகளிலுமாக நூல் நான்கு இடங்களிலும் தொடாவிட்டால் கப்பிகள் நேர்கோட்டில் இல்லை என்று பொருள். அடுத்து, கப்பியின் பள்ளத்தைப் பாருங்கள். வி வடிவ பெல்ட் பக்கச் சுவர்களில் மட்டுமே பற்ற வேண்டும் என்பதால், பள்ளத்தின் அடிப்பகுதி பளபளத்தால் கப்பியே தேய்ந்துவிட்டது, அதை மாற்றாமல் பயனில்லை. கடற்காற்றில் துருவேறிய பள்ளமும் அரத்தாள்போல் பெல்ட்டைத் தின்னும்.

புதிய பெல்ட்டைத் திருப்புளியால் நெம்பி ஏற்றுவது நம்மவரிடம் பரவலான, கெட்ட பழக்கம். மோட்டாரைத் தளர்த்தி விசிறிப் பக்கமாக நகர்த்தியே மாட்டவேண்டும். இரண்டு பெல்ட் இருப்பின் இரண்டையும் சேர்த்தே மாற்றுங்கள். கப்பிகளுக்கிடையே 1 மீற்றர் நீளமிருந்தால், தயாரிப்பாளர் குறிப்பிட்ட விசையுடன் நடுவில் அழுத்தும்போது ஏறத்தாழ 16 மில்லிமீற்றர் தாழவேண்டும். அதைவிட இறுக்கினால் பேரிங் கெடும். ஒருநாள் ஓடியபின் பெல்ட் சற்றே தளரும், மீண்டும் இறுக்குங்கள்.