விளையாட்டுக் களம்: வெயிலும் மழையும்

கேள்வி: எங்கள் கால்பந்துக் கழகம் ஆண்டுதோறும் மே மாதத்தில் 16 வயதுக்குட்பட்டோருக்குப் போட்டி நடத்துகிறது. போன முறை இரண்டு சிறுவர்கள் மயங்கி விழுந்தார்கள். ஆட்ட நேரத்தை மாற்றினால் போதுமா?
– கழகச் செயலாளர், கடலூர்

பதில்: போதாது. மாதத்தையே மாற்றுங்கள். கடலோரத்தில் காற்றின் ஈரத்தால் வியர்வை வழியுமே தவிர உலராது. உலராத வியர்வை உடம்பைக் குளிர்விக்காது. அதனால் வெறும் வெப்பமானியை நம்பாமல், சூடு, ஈரம், வெயில் மூன்றையும் சேர்த்துக் காட்டும் டபிள்யூ.பி.ஜி.டி. அளவைப் பார்க்க வேண்டும். ஈரத்துணி சுற்றிய வெப்பமானிக்கு 70 சதவீதம், வெயில் படும் கறுப்புக் கோளத்துக்கு 20, காற்றின் வெப்பநிலைக்கு 10 என்பது அதன் கணக்கு. கையடக்கக் கருவியிலேயே இதை அளக்கலாம். மைதானத்துக்குள் வெயிலில் வைத்து, கோளம் சூடேறப் பத்து நிமிடமாவது விட்டுப் பாருங்கள். பந்தல் நிழலில் நின்று அளப்பதுதான் பல இடங்களில் நடக்கும் தவறு.

இந்த அளவு 32 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் ஒவ்வொரு பாதியிலும் 3 நிமிடம் நீர் இடைவேளை என்பது ஃபிஃபாவின் வழிகாட்டல். ஆட்டக்காரர்களின் உலகச் சங்கமான ஃபிஃப்ப்ரோ, 28-ஐத் தாண்டினாலே ஆட்டத்தைத் தள்ளிவைக்கச் சொல்கிறது. சிறுவர்களுக்கு இரண்டாவதுதான் பொருந்தும். அதைக் கடைப்பிடித்தால் உங்கள் ஊரில் மே மாதப் பகலில் ஆடவே முடியாது. ஜனவரி, பிப்ரவரி வார இறுதிகளில் வையுங்கள்.

எந்த மாதமானாலும், நிறுத்தும் அளவையும் நிறுத்துபவர் யார் என்பதையும் போட்டி விதியில் முன்கூட்டியே எழுதிவிடுங்கள். பரிசளிக்க விருந்தினர் வந்து காத்திருக்கும்போது ஆட்டத்தை நிறுத்த யாருக்கும் மனம் வராது.

விழுந்தவர் உளறினாலோ, தள்ளாடினாலோ, முரண்டு பிடித்தாலோ வெப்பத்தாக்கு என்றே கொள்ளுங்கள். ஒருவர் 108-ஐ அழைக்கட்டும், மற்றவர்கள் அதே நொடியில் குளிர்விக்கத் தொடங்கட்டும். தொட்டி இருந்தால் கழுத்துவரை ஐஸ் தண்ணீரில் அமர்த்தி, தண்ணீரைக் கலக்கிக்கொண்டே இருக்க வேண்டும். கலக்காவிட்டால் தோலை ஒட்டிய நீர் வெதுவெதுப்பாகி, குளிர்ச்சி குறைந்துவிடும். தொட்டி இல்லையென்றால் தார்ப்பாயின் ஓரங்களை நாலைந்து பேர் தூக்கிப் பிடித்து, நடுவில் அவரைக் கிடத்தி, ஐஸ் கலந்த 150 லிட்டர் தண்ணீரை ஊற்றி ஆட்டுங்கள். தலையை ஒருவர் நீருக்கு மேலே தாங்கிப் பிடிக்க வேண்டும். உடம்பின் உள்வெப்பம் 30 நிமிடத்துக்குள் இறங்கியாக வேண்டும். குளிர்விக்காமல் வண்டியில் ஏற்றி அலைவதில்தான் உயிர் போகிறது. பாராசிட்டமால் இதற்குக் கேட்காது. நினைவு தெளியாதவர் வாயில் தண்ணீர் ஊற்றவே கூடாது.

கேள்வி: ஒரு மழை பெய்தால் எங்கள் மைதானம் நாலு நாள் குளமாக நிற்கிறது. மணல் லாரி இறக்கிக் கொட்டினால் சரியாகுமா?
– விளையாட்டு மன்றத் தலைவர், விருதுநகர்

பதில்: கரிசலில் மணலை மேலாகக் கலந்தால் பணம்தான் வீண். களிமண் மணலின் இடுக்குகளை அடைத்துக்கொள்ளும். முதலில் வாட்டத்தைப் பாருங்கள். நடுக்கோட்டிலிருந்து ஓரம்வரை 100-க்கு 1 சரிவு வேண்டும். 64 மீட்டர் அகல மைதானத்தில் நடுப்பகுதி ஓரத்தைவிட 32 செ.மீ. உயர்ந்திருக்க வேண்டும். நூல் கட்டி, ரசமட்டம் வைத்து நீங்களே பார்த்துவிடலாம். வாட்டம் இருந்தும் நீர் நின்றால் ரோலர் ஓட்டி ஓட்டி மண் இறுகியிருக்கும். மழைக்காலத்துக்கு முன், மண் லேசான ஈரமாக இருக்கும்போது, 10 செ.மீ. ஆழத்துக்குக் குழல்முனைக் கருவியால் துளையிட்டு, துளைகளை மணலால் நிரப்புங்கள்.

நீரை வடிக்க மண்ணுக்கடியில் துளைகள் உள்ள குழாய் பதிப்பது அதற்கும் அடுத்த செலவு. பதிப்பதற்கு முன் நீர் எங்கே போய் விழும் என்று பாருங்கள். தெரு வடிகால் உங்கள் குழாயைவிட மேலே இருந்தால் அடைமழையில் தெருத்தண்ணீர் உள்ளே ஏறிவிடும். வெளிவாயில் ஒருவழி வால்வு போட்டாலும் அந்த நேரத்தில் உங்கள் நீர் வெளியேறாது. மைதான ஓரத்தில் ஒரு தாங்கு குளம் வெட்டினால் நீர் அதில் தேங்கும், கோடையில் புல்லுக்கும் உதவும். மோட்டார், மின்பலகை இரண்டையும் இதுவரை ஏறிய வெள்ளக்கோட்டுக்கு மேலே ஏற்றிவிடுங்கள்.

கேள்வி: இதற்கெல்லாம் பணம் கேட்டால் யார் தருவார்கள்?
– பயிற்சியாளர், ஆம்பூர்

பதில்: கணக்கோடு போனால் கேட்பவர் காது கொடுப்பார். ரத்தான ஒவ்வொரு ஆட்டத்துக்கும் தேதி, காரணம், எத்தனை பேர் திரும்பினார்கள், எவ்வளவு நுழைவுக் கட்டணம் திருப்பித் தரப்பட்டது என்று நோட்டில் எழுதுங்கள், தேங்கிய நீரைப் படம் எடுத்து வையுங்கள். அந்த நோட்டின் நகலை விண்ணப்பத்தோடு சேர்த்து மாவட்ட விளையாட்டு அலுவலரிடம் கொடுங்கள்.