மத்த நாயைக் கண்டாலே பாயறான், இந்த வயசுல மாத்த முடியுமா?

கேள்வி: வணக்கங்க அக்கா. ஆறு மாசத்துக்கு முன்னாடி ஒரு ஷெல்டர்ல இருந்து வீரான்னு ஒரு ராஜபாளையம் கலப்பு நாயை எடுத்துட்டு வந்தோங்க, ஒன்பது வயசு இருக்கும்னாங்க. வீட்டுக்குள்ள தங்கமான பையன், என் பொண்ணு மடியில தலைய வச்சுத்தான் தூங்குவான். ஆனா வாக்கிங் போறப்ப வேற நாய் கண்ணுல பட்டா போதும், முதுகு முடி சிலிர்த்துக்கிட்டு சங்கிலிய இழுத்துட்டுப் பாயறான். போன வாரம் எதிர்வீட்டு லாப்ரடார் காதைக் கடிச்சு தையல் போடற அளவுக்கு ஆயிடுச்சு. வீட்டுக்காரர் ரெண்டு அடி போட்டா அடங்கிடும்ங்கறார், மாமியார் திரும்பக் கொண்டுபோய் விட்டுடுங்கங்கறாங்க. என்னங்க பண்றது?
- வாசகி, கோவை

பதில்: திரும்ப விட்டுடாதீங்கம்மா, ஒன்பது வயசு நாயை இன்னொரு வீடு எடுக்கறது ரொம்பக் கஷ்டம். மாத்த முடியுமான்னு கேட்டா, எல்லா நாயோடயும் கூடி விளையாடற நாயா ஆயிடுவான்னு நான் சொல்ல மாட்டேன், அது தேவையும் இல்ல. இன்னொரு நாய் தெருவுக்கு அந்தப்பக்கம் போனா இவன் பாட்டுக்கு உங்ககூட நடந்து வரணும், அவ்வளவுதானே, அதை பழக்க முடியும்.

முதல்ல அந்த அடிய இன்னைக்கே நிறுத்தச் சொல்லுங்க. வேற நாயைப் பாக்கறப்பல்லாம் கழுத்துல சுண்டி இழுக்கறாங்க, முதுகுல அடி விழுதுன்னா வீரா மனசுல என்ன பதியும்? அந்த நாய் வந்தாலே எனக்கு வலிக்குதுன்னுதான் பதியும், பயம் இன்னும் கூடும். உறுமினதுக்கு அடிச்சா உறுமறதை வேணா நிறுத்துவான், அடுத்த தடவை எச்சரிக்கையே இல்லாம நேரா கடிப்பான்.

அடுத்தது டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போங்க, ட்ரெய்னரைத் தேடறதுக்கு முன்னாடியே. வயசான நாய் முரட்டுத்தனமா மாறுதுன்னா பல நேரம் எங்கயோ வலி இருக்கும். படுத்து எந்திரிக்கறப்ப பின்னங்கால் தடுமாறுதா, மாடிப்படிக்கு முன்னாடி நின்னு யோசிக்கறானா, சாப்பாட்டை ஒரு பக்கமாவே மெல்றானான்னு ரெண்டு நாள் நல்லா கவனிச்சு டாக்டர்கிட்ட சொல்லுங்க. மூட்டு, பல்லு, காது, கண்ணுல புரை எல்லாம் பாத்துட்டு தைராய்டுக்கும் ஒரு ரத்த டெஸ்ட் கேளுங்க. ராஜபாளையம்ங்கறதால இன்னொண்ணு, இந்த இனத்துல காது கேக்காம பொறக்கறது உண்டு, வயசானா எந்த நாய்க்கும் காது மந்தமாகும், பின்னாடி ஒரு நாய் வர்ற சத்தமே கேக்காம திடீர்னு பக்கத்துல வந்து நின்னா அவன் பாயத்தானே செய்வான். அவன் வேற பக்கம் பாத்துட்டு இருக்கறப்ப பின்னாடி நின்னு பிஸ்கட் கவரைக் கசக்கிப் பாருங்க, காது திரும்புதான்னு தெரியும். வலி இருக்குன்னு சந்தேகப்பட்டு நம்ம வீட்டு பாராசிட்டமால், ஐபுப்ரோஃபென் மட்டும் குடுத்துடாதீங்க, நாய்க்கு அது விஷம்.

கடி நடந்து ஒரு வாரம்தான் ஆகுதுங்கறதால அவனை ஒரு ரெண்டு மூணு நாள் வெளிய கூட்டிட்டே போகாதீங்க, வாசல்ல, மொட்டை மாடில விட்டு விளையாடுங்க, அந்தப் படபடப்பு உடம்புல இருந்து இறங்க நேரம் வேணும். அப்புறம் சங்கிலிய எடுத்துட்டு நெஞ்சுப்பக்கம் கொக்கி வர்ற ஹார்னஸும் (கழுத்துக்குப் பதிலா உடம்பைச் சுத்தி மாட்டற பட்டை) ஆறடி பெல்ட்டும் வாங்குங்க. இனி பழக்கறதெல்லாம் தூரத்துலதான் இருக்கு. ஒரு நாய் வந்தா எவ்வளவு தூரம் வரைக்கும் இவன் சும்மா பாத்துட்டு நிக்கறான், எங்க வந்ததும் வாய் இறுகி உடம்பு விறைச்சு கண்ணு சிமிட்டாம முறைக்க ஆரம்பிக்கறான்னு பாருங்க. அந்த எல்லைக்கு வெளியவே நில்லுங்க, அது நூறு அடியா இருந்தாலும் பரவால்ல. அந்த நாயைப் பாத்த உடனே வேக வச்ச சிக்கன் ஈரல்ல சுண்டுவிரல் நகம் அளவு ஒரு துண்டு வாயில, திரும்பப் பாத்தா திரும்ப ஒரு துண்டு, அந்த நாய் மறைஞ்சதும் ஈரலும் நின்னுடணும். இந்த வரிசை முக்கியம்மா, நாய் முதல்ல, ஈரல் அப்புறம். கொஞ்ச நாள்ல வேற நாயைப் பாத்ததும் உங்க முகத்தைத் திரும்பிப் பாப்பான் பாருங்க, அன்னைக்குத்தான் தூரத்தைக் கொஞ்சம் குறைக்கணும். ஈரலையே மோந்து பாக்கலைன்னா ரொம்பப் பக்கத்துல நிக்கறீங்கன்னு அர்த்தம், பேசாம திரும்பி நடங்க.

நம்ம ஊர்ல தெருநாய் இல்லாத தெரு ஏது. அதனால அதுங்க சுருண்டு படுத்திருக்கற மதிய நேரத்துல போகலாம்னு நினைப்பீங்க, தார் ரோடு கால் சுட்டுடும், வேணாம். காலைல நல்லா விடிஞ்சப்புறம், தெருநாய்க்கு யாரும் சோறு வைக்காத தெருவாப் பாத்துப் போங்க. ஒண்ணு ஓடி வந்தா கையில இருக்கற பிஸ்கட்டை அது முன்னாடி இறைச்சுட்டு நீங்க வேற பக்கம் நகருங்க. கடிக்காம இருக்க வாயில மாட்டற மூடி, அதான் மசில், அதுல கூடை மாதிரி இருக்கறதையும் பழக்கிடுங்க, அதுக்குள்ள மூச்சு வாங்கலாம், தண்ணி குடிக்கலாம். வாயை இறுக்கிக் கட்ற துணி மசில் நம்ம வெயிலுக்கு ஆபத்து. மசில் போட்டா ஊரு என்ன சொல்லும்னு யோசிக்காதீங்க, எதிர்வீட்டு லாப்ரடாருக்கும் அதான் நிம்மதி. கருத்தடை ஆபரேஷன் பண்ணா சரியாயிடும்னு சிலர் சொல்வாங்க, வேற காரணத்துக்கு டாக்டர் சொன்னா பண்ணுங்க, பழகிப்போன பயத்தை அது மட்டும் போக்காது.

கேள்வி: சண்டையை விலக்கப் போனப்ப தெருநாய் பல் என் கையில பட்டு லேசா ரத்தம். ஊசி போடணுமா?
- வாசகர், திருச்சி

பதில்: போடணும் தம்பி, இதைப் படிக்கறப்ப இன்னும் போடலைன்னா எத்தனை நாள் ஆகியிருந்தாலும் உடனே கிளம்புங்க. கடிச்ச உடனே சோப்புப் போட்டு ஓடற தண்ணில 15 நிமிஷம் கழுவணும், மஞ்சள், சுண்ணாம்பு எதுவும் வைக்கக்கூடாது. அரசு ஆஸ்பத்திரில ரேபிஸ் ஊசி இலவசம். ரத்தம் வந்திருக்குன்னு கண்டிப்பா சொல்லுங்க, ஏன்னா அதுக்கு தடுப்பூசியோட இம்யூனோகுளோபுலினும் (கிருமியை உடனே எதிர்க்கற மருந்து) காயத்தைச் சுத்திப் போடணும். நாள் கணக்கு எழுதிக் குடுப்பாங்க, ஒரு ஊசியையும் விட்டுடாதீங்க. அடுத்த தடவை சண்டைன்னா நடுவுல கைய விடவே விடாதீங்க, ஒரு பக்கெட் தண்ணிய முகத்துல ஊத்துங்க, இல்ல குடைய நடுவுல விரிங்க.