ஜீரோ வந்துருச்சுன்னு சந்தோஷப்படாதீங்க

கேள்வி: சார், 200 லிட்டர் ரீஃப் டேங்க் (பவளம் வளக்கற கடல்தண்ணித் தொட்டி), ட்ரை ராக் (காய்ஞ்ச சுண்ணாம்புக் கல்லு) போட்டு ஆரம்பிச்சு அஞ்சு மாசம் ஆகுது. ரெண்டு கிளவுன் மீன், நாலஞ்சு சாஃப்ட் கோரல், கொஞ்சம் நத்தை இருக்கு. மூணு வாரமா மணல் மேலயும் கல்லு மேலயும் பழுப்பு கலர்ல சளி மாதிரி படியுது, நூல் நூலா தொங்குது, நுனியில குமிழ் நிக்குது. காலையில கம்மியா இருக்கு, சாயந்திரம் எல்லாத்தையும் மூடிருது. நத்தை ஒவ்வொண்ணா சாகுது. நைட்ரேட் 0, பாஸ்பேட் 0. ஆவியாகிற தண்ணிக்கு உப்புத்தண்ணி கலந்து ஊத்தறேன். கடையில தண்ணி அழுக்குன்னு சொல்லி வாரம் ரெண்டு தடவை மாத்த சொன்னாங்க, பாஸ்பேட் ரிமூவரும் ஒரு பாசி மருந்தும் குடுத்தாங்க. மாத்த மாத்த அதிகமாகுது. பேசாம டேங்க்கை பிரிச்சுடலாமா? போட்டோ அனுப்பிருக்கேன்.

பதில்: பிரிக்க வேண்டாம் தம்பி. பிரிச்சு கல்லையெல்லாம் கழுவி மறுபடி ஆரம்பிச்சீங்கன்னா இன்னும் அஞ்சு மாசம் கழிச்சு இதே கேள்வியைத்தான் எனக்கு அனுப்புவீங்க, ஏன்னா உங்க தண்ணி அழுக்கா இல்ல, தேவைக்கு மேல சுத்தமா இருக்கு, வியாதியே அதுதான்.

நீங்க சொல்ற அடையாளத்தை எல்லாம் சேத்துப் பாத்தா இது டைனோ, முழுப்பேரு டைனோஃப்ளாஜெல்லேட், ஒத்தைச் செல் நுண்ணுயிரி. புது டேங்க்ல ஆரம்பத்துல வர்ற பழுப்புத் தூசி டையாட்டம்ங்கிற நுண்பாசி, தட்டினா பறக்கும், கொஞ்ச நாள்ல தானாவே போயிடும். சயனோன்னா (சயனோபாக்டீரியா) கருஞ்சிவப்பா ஷீட் ஷீட்டா உரியும். இன்னும் சந்தேகமா இருந்தா அந்தச் சளியை கொஞ்சம் டேங்க் தண்ணியோட ஒரு பாட்டில்ல போட்டு நல்லா குலுக்கி, டிஷ்யூ பேப்பர்ல வடிகட்டி, வடிஞ்ச தண்ணியை கண்ணாடி டம்ளர்ல ஊத்தி லைட்டுக்குக் கீழ ஒரு மணி நேரம் வைங்க. தெளிஞ்ச தண்ணியில மறுபடி நூல் நூலா திரண்டு வந்துச்சுன்னா டைனோதான். கிளவுஸ் போட்டுட்டு பண்ணுங்க, ஏன்னு பின்னாடி சொல்றேன்.

இது ஏன் வருதுன்னா, ட்ரை ராக்குல உயிரே கிடையாது. நல்ல பாக்டீரியா, பச்சைப் பாசி, கோப்பிபாட்ங்கிற இறால் இனப் பொடி உயிரி எல்லாம் குடியேற மாசக்கணக்குல ஆகும், அதுவரைக்கும் ஆள் இல்லாத காலி மனைதான் அது, காலி மனையில மொதல்ல முள்ளுச்செடிதான முளைக்கும். அதுக்கு மேல நீங்க நைட்ரேட்டையும் பாஸ்பேட்டையும் ஜீரோ ஆக்கிட்டீங்க. அது ரெண்டும் இல்லன்னா சாதாரண பாசி பட்டினி கிடக்கும், கோரலும் பட்டினி கிடக்கும், ஆனா டைனோவுல நிறைய வகைக்கு லைட்ல சமைச்சும் சாப்பிடத் தெரியும், பாக்டீரியாவைப் பிடிச்சும் தின்னத் தெரியும். போட்டியாளர் எல்லாரையும் நீங்களே பட்டினி போட்டு வெளியேத்திட்டு இதுக்கு மட்டும் இடத்தைத் துடைச்சுக் குடுத்திருக்கீங்க. கடல்ல ரீஃப் இருக்கற எடத்துல நைட்ரேட் பாஸ்பேட் கிட்டத்தட்ட ஜீரோதானேன்னு வாதம் பண்ணுவாங்க. அங்க ராத்திரி பகலா அலையில சாப்பாடு மிதந்து வந்துக்கிட்டே இருக்கு. உங்க டேங்க்ல நீங்க போடுற ஒரு சிட்டிகை தீனிதான் வருது.

இப்போ அந்தக் கடை விஷயத்துக்கு வர்றேன், இதைச் சொல்லாம இருக்க முடியல. ஜீரோ வந்த தண்ணியை டெஸ்ட் பண்ணிப் பாத்துட்டு பாஸ்பேட் ரிமூவர் விக்கிற ஆளை என்ன சொல்றது? ஓசியில டெஸ்ட் பண்ணித் தர்றோம்னு கூப்பிடறதே பாட்டில் விக்கத்தான். அந்தப் பாசி மருந்துல என்ன இருக்குன்னு திருப்பிப் பாருங்க, பாதி பாட்டில்ல உள்ள என்ன இருக்குன்னே எழுதறதில்ல, "ரீஃப் சேஃப்"னு மட்டும் கொட்டை எழுத்துல போட்டிருப்பான். யாரு சோதிச்சாங்க, எந்தக் கோரல்ல, எத்தனை நாள் வச்சுப் பாத்தாங்க? கேக்க ஆள் இல்ல. மனுசன் திங்கற பிஸ்கட் பாக்கெட்ல உப்பு எவ்வளவுன்னு அச்சடிக்க வைக்கத் தெரியுது, இதுக்கு ஒரு விதிமுறை கொண்டு வரணும்னு யாருக்கும் தோணல. சயனோவுக்குன்னு விக்கிறதுல சிலது சுத்தமா ஆன்டிபயாடிக். சயனோ பாக்டீரியா, அதனால கேக்கும். டைனோ பாக்டீரியாவே இல்ல, அதுக்கு ஒண்ணும் ஆகாது, சாகறதெல்லாம் டைனோவுக்குப் போட்டியா நிக்கவேண்டிய நல்ல பாக்டீரியா. அதுக்கப்பறம் அந்தப் பாக்டீரியாவையும் அதே கடையில பாட்டில்ல வாங்க சொல்லுவாங்க. வீடியோ போடறவங்களும் லேசுப்பட்ட ஆள் இல்ல, பின்னாடி ஷெல்ஃப்ல என்ன பாட்டில் அடுக்கி வச்சிருக்காங்கன்னு பாத்துட்டு அப்பறம் அறிவுரையைக் கேளுங்க.

சரி, நீங்க செய்யவேண்டியது. பாஸ்பேட் ரிமூவரை இன்னைக்கே எடுத்துருங்க. பாசி மருந்தை நிறுத்துங்க. தண்ணி மாத்தறதை நிறுத்துங்க, புதுத்தண்ணி உள்ள போகப் போக இருக்கற கொஞ்சநஞ்ச சத்தும் வெளிய போகுது, அதான் மாத்த மாத்த ஏறுது. ஸ்கிம்மரை (நுரையில அழுக்கை இழுக்கற கருவி) கொஞ்சம் குறைச்சு ஓட்டுங்க, மொத்தமா நிறுத்தாதீங்க, ஆக்சிஜனுக்கு அது வேணும். கார்பன் (ஃபில்டர்ல போடற கரி) மட்டும் இருக்கட்டும், அது விஷத்தை இழுக்கும், அடிக்கடி மாத்துங்க.

அடுத்தது சத்து ஏத்தறது. நைட்ரேட் 5ல இருந்து 10 பிபிஎம் (லிட்டருக்கு மில்லிகிராம்), பாஸ்பேட் 0.05ல இருந்து 0.1, இதுதான் குறி. மீனுக்குத் தீனி கூடப் போட்டாலே ஏறும், ஆனா ரெண்டு மீனுக்கு எவ்வளவுதான் போடுவீங்க. செடி டேங்க் வச்சிருக்கறவங்க போடுற சுத்தமான பொட்டாசியம் நைட்ரேட் இருந்தா 200 லிட்டருக்கு 0.33 கிராம் போட்டா சுமார் 1 பிபிஎம் ஏறும், ஒரு நாளைக்கு ஒண்ணு ரெண்டு பிபிஎம்முக்கு மேல ஏத்த வேணாம். பாஸ்பேட்தான் பொறுமையைச் சோதிக்கும். இன்னைக்கு போடுவீங்க, நாளைக்கு டெஸ்ட் பண்ணா ஜீரோ காட்டும், என்னடா இது ஏமாத்துதுன்னு இருக்கும். சுண்ணாம்புக் கல்லு அது, ட்ரை ராக்கும் மணலும் பாஸ்பேட்டை உறிஞ்சிக்கும், அது வயிறு நிறைஞ்ச பிறகுதான் தண்ணியில நிக்கும். விடாம தினமும் டெஸ்ட் பண்ணி விடாம போடணும். கண்ணாடியில பச்சைப்படலம் வர ஆரம்பிச்சா, கல்லுல முடிப்பாசி முளைச்சா, சுரண்டக் கை பரபரன்னு வரும், சுரண்டாதீங்க. அதுதான் உங்க கட்சி ஆளு.

நடுவுல சளியை சைஃபன் பண்ணி எடுக்கலாம், தண்ணியை ரொம்ப நைசான ஃபில்டர் சாக்ஸ் வழியா விட்டு திரும்ப டேங்க்லயே ஊத்துங்க. மணலைக் கிண்டாதீங்க. மூணு நாள் லைட்டை அணைச்சுப் போர்வை போத்தற வைத்தியத்தை எல்லாரும் சொல்லுவாங்க, சத்து ஏறாம அதைப் பண்ணா நாலாவது நாள் குறையும், ரெண்டாவது வாரம் பழைய நிலைமைக்கு வந்து நிக்கும். யாராவது நல்லா ஓடற பழைய டேங்க் வச்சிருந்தா அதுல இருந்து கைப்பிடி மணலோ ஒரு சின்னக் கல்லோ வாங்கிப் போடுங்க, பாட்டில் பாக்டீரியாவை விட நூறு மடங்கு மேல். அந்த டேங்க்ல எப்பவாவது காப்பர் மருந்து போட்டிருக்காங்களான்னு மட்டும் கேட்டுருங்க, போட்டிருந்தா வேண்டாம்.

யூவி, அதாவது தண்ணியை புற ஊதா விளக்கு வழியா ஓட்டற கருவி, அது பத்தி தனியா சொல்லணும், ஏன்னா இனி அடுத்து உங்க தலையில கட்டப் போறது அதைத்தான். யூவி வேலை செய்யும், ஆனா எல்லா டைனோவுக்கும் செய்யாது. ஆஸ்ட்ரியாப்சிஸ்னு ஒரு வகை, அது ராத்திரியில கல்லை விட்டு தண்ணிக்குள்ள மிதக்க வரும், அப்போ யூவி வழியா போனா சாகும். ஆம்ஃபிடினியம்னு இன்னொண்ணு, அது தண்ணிக்கு வராது, ராத்திரி மணலுக்குள்ள இறங்கிடும், அதுக்கு நீங்க எவ்வளவு பெரிய யூவி போட்டாலும் கரண்ட் பில்லுதான் ஏறும். ரெண்டுமே காலையில காணாம இருக்கும், அதனால "ராத்திரி குறையுது, யூவி போடு"ன்னு சொல்றவங்க பேச்சைக் கேக்காதீங்க, எங்க போய் ஒளியுதுன்னுதான் பாக்கணும். பாக்கறதுக்கு மைக்ராஸ்கோப் வேணும், பள்ளிக்கூடப் பிள்ளைங்க வச்சிருக்கற 400 மடங்கு போதும். துளி வடிவத்துல ஒரு முனை கூரா இருந்து, எதுலயோ கட்டிப்போட்ட மாதிரி ஒரே எடத்துல சுத்திச் சுத்தி வந்தா ஆஸ்ட்ரியாப்சிஸ். முட்டை வடிவத்துல கண்ணாடி மேல வழுக்கிக்கிட்டு ஊர்ந்து போனா ஆம்ஃபிடினியம். நத்தை சாகறதை வச்சுப் பாத்தா உங்களுது முதல் வகையா இருக்கத்தான் வாய்ப்பு அதிகம், ஆனாலும் பாத்துட்டு வாங்குங்க. அப்படி வாங்கினா 200 லிட்டருக்கு 15ல இருந்து 20 வாட், அதை சம்ப்ல (கீழ இருக்கற ஃபில்டர் தொட்டியில) மாட்டாதீங்க, டேங்க்ல இருந்தே தண்ணி இழுத்து டேங்க்லயே விடணும், ஓட்டம் மெதுவா இருக்கணும், முக்கியமா ராத்திரி ஓடணும். 5 வாட்டை வச்சு இது போதும்னு விக்கிறவங்க இருக்காங்க. இரண்டாவது வகையா இருந்தா யூவியை மறந்துட்டு சத்தைப் பிடிச்சு வச்சுக்கிட்டு, சிலிகேட் கொஞ்சம் போட்டு டையாட்டத்தை வளத்து அதோட மோத விடறதுதான் வழி, ஆமா, சிலிகேட் எதிரின்னு எல்லாரும் சொல்லிக் குடுத்த அதே சிலிகேட்தான்.

கிளவுஸ் ஏன்னு சொல்றேன்னேன்ல. ஆஸ்ட்ரியாப்சிஸ் வகையில விஷம் உண்டு, உங்க நத்தை சாகறதுக்குக் காரணம் அதுவாத்தான் இருக்கும். 2005ல இத்தாலியில ஜெனோவா கடற்கரையில இது பெருகி, கடல்காத்துல வந்த தூவானத்தை மூச்சுல இழுத்த சுமார் 200 பேர் காய்ச்சல், இருமல், மூச்சுத்திணறல்னு டாக்டர்கிட்ட போனாங்க. டேங்க்ல அந்த அளவுக்கு வராது, பயப்படாதீங்க. ஆனா வாயால உறிஞ்சி சைஃபன் ஆரம்பிக்கிற பழக்கம் இருந்தா இன்னையோட விட்டுருங்க, கையில வெட்டுக்காயம் இருந்தா கிளவுஸ் இல்லாம தொடாதீங்க. புது நத்தை இப்போதைக்கு வாங்காதீங்க, "க்ளீனப் க்ரூ அனுப்பறோம்"னு கடையில சொல்லுவாங்க, இந்தச் சளியை அதுங்க திங்காது, தின்னா செத்துரும். செத்த நத்தையை அன்னைக்கே வெளிய எடுத்துருங்க, உள்ள அழுகினா அமோனியா.

நீங்க கேக்கவே இல்ல, ஆனா அந்த ஒரு வரியைப் படிச்சதுல இருந்து எனக்கு இருப்புக் கொள்ளல. ஆவியாகிறது தண்ணி மட்டும்தான், உப்பு உள்ளயே நிக்குது. அதுக்கு மேல தினமும் உப்புத்தண்ணி ஊத்தினா உப்பு ஏறிக்கிட்டேதான் போகும். உங்க உப்பு எவ்வளவுன்னு லெட்டர்ல இல்ல. ரிஃப்ராக்டோமீட்டரை (உப்பு அளக்கற கருவி) 35 பிபிடி (கிலோ தண்ணிக்கு 35 கிராம் உப்பு) கேலிப்ரேஷன் தண்ணி வச்சு சரிபாத்துட்டு அளந்து பாருங்க, 35 பிபிடி, அதாவது ஒப்படர்த்தி 1.026 பக்கத்துல இருக்கணும். கூட இருந்தா ஒரே நாள்ல இறக்காதீங்க, ஆவியாகிறதுக்கு ஆர்ஓ தண்ணியை மட்டும் ஊத்திக்கிட்டு, கொஞ்சம் டேங்க் தண்ணியை எடுத்துட்டு அந்த அளவுக்கு ஆர்ஓ தண்ணி விட்டு பல நாளா இறக்குங்க.

இதெல்லாம் பண்ணா வாரக்கணக்குல ஆகும், நடுவுல ஒரு வாரம் மோசமாகிற மாதிரிகூட தெரியும், மறுபடி கடைக்கு ஓடிராதீங்க. மூணு நாலு வாரம் கழிச்சு நைட்ரேட், பாஸ்பேட், உப்பு மூணையும் எழுதி அனுப்புங்க. போட்டோவை வெள்ளை லைட்ல எடுங்க தம்பி, நீங்க இப்ப அனுப்பினது நீல லைட்ல எடுத்தது, மணலு, மீனு, சளி எல்லாமே ஊதாவா இருக்கு, கிளவுன் மீனைக்கூட வரியை வச்சுத்தான் கண்டுபிடிச்சேன்.