கசகசாவை வீட்டிலேயே வையுங்கள்: சிங்கப்பூரில் படிக்கப் போகிறவர்களின் கேள்விகள்

கேள்வி: மகன் சிங்கப்பூரில் ஒரு தனியார் கல்லூரியில் சேரப் போகிறான். பகுதிநேர வேலை பார்த்தே செலவைச் சமாளித்துவிடலாம் என்கிறார் முகவர். நம்பலாமா?
– வாசகி, கும்பகோணம்

பதில்: நம்பாதீர்கள். மாணவர் அனுமதி அட்டை இருந்தாலே வேலை பார்க்கலாம் என்றில்லை. மனிதவள அமைச்சின் பட்டியலில் உள்ள கல்வி நிலையங்களில் முழுநேரம் படிப்பவர்களுக்கு மட்டுமே அந்தச் சலுகை. வகுப்பு நடக்கும் நாட்களில் வாரம் 16 மணி நேரம். எத்தனை இடத்தில் வேலை பார்த்தாலும் எல்லாம் சேர்த்து அவ்வளவுதான். கல்லூரி விடுமுறையில் இந்த வரம்பு இல்லை. அரசுப் பல்கலைக்கழகங்களும் பலதுறைத் தொழிற்கல்லூரிகளும் பட்டியலில் உண்டு. தனியார் கல்லூரிகளில் பெரும்பாலானவை இல்லை. அங்கே படிப்பவர் விடுமுறையில்கூட வேலை பார்க்கக் கூடாது. மீறினால் 20,000 வெள்ளி வரை அபராதம், 2 ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டும். (அங்குள்ள தமிழர் டாலரை வெள்ளி என்பார்கள்.) முகவரிடம் பணம் கட்டுமுன் அமைச்சின் இணையதளத்தில் கல்லூரியின் பெயரைத் தேடிப் பாருங்கள். பகுதிநேரச் சம்பளத்தைச் சேர்க்காமல் கணக்குப் போட்டுத் துண்டு விழுந்தால், அந்தச் சேர்க்கையையே மறுபடி யோசிப்பது நல்லது.

கேள்வி: விடுதியில் இடம் கிடைக்கவில்லை. வீவக வீட்டில் அறை எடுக்கலாமா? எதையெல்லாம் பார்க்க வேண்டும்?
– வாசகர், திருச்சி

பதில்: எடுக்கலாம். வீடமைப்பு வளர்ச்சிக் கழக வீடுகளைத்தான் வீவக என்கிறார்கள். வாடகைக் காலம் குறைந்தது 6 மாதம். உங்கள் அனுமதி அட்டையும் அதற்குக் குறையாமல் செல்லுபடியாக வேண்டும். இரண்டு மாதத்துக்கு அறை தருகிறேன் என்று யாராவது சொன்னால் அது விதிமீறல். சோதனை வந்தால் பெட்டியோடு தெருவில் நிற்பது நீங்கள்தான். வீட்டுக்காரர் கழகத்திடம் அனுமதி பெற்று, குடியிருப்பவராக உங்கள் பெயரைப் பதிந்திருக்க வேண்டும். வரவேற்பறையைப் பலகையால் தடுத்து அறையாக்கியிருந்தாலோ, வீட்டுக்குள் இருக்கும் பாதுகாப்பு அறையில் (போர்க்காலத்தில் ஒதுங்கக் கட்டிய சிற்றறை) கட்டில் போட்டுத் தந்தாலோ வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

அறையை நேரில் பார்க்காமல் முன்பணம் அனுப்பாதீர்கள். சென்னையில் இருந்துகொண்டே படத்தைப் பார்த்துப் பணம் கட்டுகிறவர்கள்தான் அதிகம் ஏமாறுகிறார்கள். முதல் ஒரு வாரம் தற்காலிகமாக எங்காவது தங்கிக்கொண்டு தேடுங்கள். வீவக வாடகைப் பணத்தைச் சொத்து முகவர் கையில் வாங்கவே கூடாது. 'என் கணக்கில் போடுங்கள்' என்றால் அதுவே எச்சரிக்கை மணி. ஓராண்டு ஒப்பந்தத்துக்கு ஒரு மாத வாடகை முன்பணம் என்பது வழக்கம். ஒப்பந்தத்துக்கு அரசுக்குக் கட்டும் முத்திரைத் தீர்வை மொத்த வாடகையில் 0.4 விழுக்காடு: மாதம் 900 வெள்ளி என்றால் ஆண்டுக்கு 10,800, தீர்வை 43 வெள்ளி. கையெழுத்திட்ட 14 நாளுக்குள் கட்டிவிடுங்கள். கட்டாத ஒப்பந்தத்தை நீதிமன்றம் சான்றாக ஏற்காது; முன்பணத் தகராறு வரும்போதுதான் அதன் அருமை தெரியும். குடிபுகும் நாளிலேயே சுவர்க் கறை, மெத்தை, குளிரூட்டி எல்லாவற்றையும் படமெடுத்து வீட்டுக்காரருக்கு அனுப்பிவிடுங்கள்.

கேள்வி: பெட்டியில் எதை எடுத்துப் போகக் கூடாது?
– வாசகி, மதுரை

பதில்: முதலில் கசகசா. குருமாவுக்கு அரைக்கும் அதே கசகசா அங்கே தடைசெய்யப்பட்ட பொருள். அதில் மார்பின் இருக்கலாம் என்பதால் போதைப்பொருள் சட்டத்துக்குள் வருகிறது. அம்மா அரைத்துக் கொடுக்கும் மசாலாப் பொடியில் அது கலந்திருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். வீட்டில் போட்ட மட்டன் ஊறுகாய், உப்புக்கண்டம், சூயிங்கம், குட்கா, மின்சிகரெட் எதுவும் வேண்டாம். மருந்துகளை மூன்று மாத அளவுக்கு, பிரிக்காத அட்டையில், மருத்துவரின் சீட்டோடு எடுத்துச் செல்லுங்கள். கோடீன் கலந்த இருமல் மருந்துக்கும் தூக்க மாத்திரைக்கும் சுகாதார அறிவியல் ஆணையத்தின் முன் அனுமதி தேவை. நம் ஊர் உருண்டை முள் பிளக் அங்கே நுழையாது. பட்டை முள் மூன்று கொண்ட அடாப்டர் இரண்டு போதும்.

கேள்வி: சுத்த சைவம் நான். உணவங்காடியில் சமாளிக்க முடியுமா?
– வாசகர், திருநெல்வேலி

பதில்: உணவங்காடி என்பது பல சிறு சாப்பாட்டுக் கடைகள் ஒரே கூரையின் கீழ் இருக்கும் இடம். அங்கே சமாளிக்க முடியும், ஆனால் 'காய்கறி' என்ற சொல்லை மட்டும் நம்பாதீர்கள். சம்பல் கங்கோங் கீரைதான், ஆனால் அதில் பெலாச்சான் என்னும் இறால் விழுது இருக்கும். சீனக் கடைக் காய்கறிப் பொரியலில் சிப்பிச் சாறோ பன்றிக் கொழுப்போ சேரலாம். பரோட்டாவுக்கு மீன் குழம்பை ஊற்றிவிடுவார்கள். முதலிலேயே பருப்புக் கறி கேளுங்கள். ஹலால் பலகை சைவத்துக்கு உறுதி அல்ல. சீன பௌத்த சைவக் கடைகள் நல்ல துணை; அங்கே பெரும்பாலும் வெங்காயம், பூண்டுகூட இருக்காது. ஆனால் முட்டை உண்டா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

தேநீருக்கு 'தே' என்றால் கெட்டிப்பால் சேர்த்த இனிப்புத் தேநீர், 'தே சி' என்றால் ஆவிப்பால், 'தே ஓ' என்றால் பால் இல்லாதது. பின்னால் 'கோசோங்' சேர்த்தால் சர்க்கரை போடமாட்டார்கள், 'சியூ தாய்' என்றால் குறைத்துப் போடுவார்கள். மேசையில் டிஷ்யூ பொட்டலம் கிடந்தால் அது யாரோ பிடித்துவைத்த இடம். சாப்பிட்டதும் தட்டை அதற்கான அடுக்கில் வைத்துவிடுங்கள். 2021 செப்டம்பரிலிருந்து, வைக்காமல் போனால் முதல் தடவை எழுத்துமூல எச்சரிக்கை, அடுத்த தடவை 300 வெள்ளி அபராதம்.