எம்.எஸ்சி. கணிதத்திலிருந்து கணக்கீட்டு அறிவியல் பி.எச்டி. போக, கம்ப்யூட்டர் துறைக்கு மாற வேண்டுமா?

நாகர்கோவிலில் எம்.எஸ்சி. கணிதம் கடைசி வருஷம் படிக்கிறேன், கணக்கீட்டு அறிவியலும் பொறியியலும் சேர்ந்த ஆராய்ச்சிக்குப் போக ஆசை, அதற்காகக் கணிதத்தை விட்டுவிட வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம். நானும் இதே மாவட்டத்தில் கணிதம் படித்துவிட்டு இந்தப் பக்கம் வந்தவன்தான்.

அங்கே போய் என்ன செய்வோம் என்பதற்கு நம்ம கடலையே எடுத்துக்கொள்ளுங்கள். 2004 டிசம்பர் 26 சுனாமி கிளம்பியது கிழக்கே, சுமத்ரா பக்கம். ஆனால் மேற்குக் கரையில் இருக்கும் குளச்சல் எப்படி அப்படி அடிபட்டது? புவியீர்ப்பு முடுக்கத்தையும் கடல் ஆழத்தையும் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால் அலையின் வேகம் வரும். 4000 மீட்டர் ஆழத்தில் நொடிக்கு சுமார் 200 மீட்டர், 10 மீட்டர் ஆழத்தில் வெறும் 10. ஆழம் குறைந்த பக்கம் அலை பின்தங்குவதால் மொத்த அலையும் கரைப் பக்கமாகத் திரும்பி, இலங்கையையும் குமரி முனையையும் சுற்றிக்கொண்டு வந்துவிடுகிறது. இதுவரை தாளில் போட்டுப் பார்த்துவிடலாம். ஆனால் நம்ம மீனவர்கள் போகிற வாட்ஜ் பேங்க் மேடு உட்பட உண்மையான கடலடித் தரையை வைத்து, எந்த ஊரில் தண்ணீர் எவ்வளவு ஏறும் என்று கேட்டால், அலை இடத்துக்கு இடம், நொடிக்கு நொடி எப்படி மாறுகிறது என்று சொல்லும் பகுதி வகைக்கெழுச் சமன்பாட்டைக் கட்டம் கட்டமாக உடைத்து கம்ப்யூட்டரில் போட்டால்தான் உண்டு. அதிலும் ஒரு வில்லங்கம்: கட்டம் 1 கிலோமீட்டர் என்றால், இப்போதைய மதிப்புகளிலிருந்தே அடுத்ததை நேரடியாகக் கணக்கிடும் சாதாரண வெளிப்படை முறையில், ஒரு காலப் படி (ஒவ்வொரு தடவையும் நேரத்தை நகர்த்தும் அளவு) ஏறக்குறைய 5 நொடிக்குள் இருக்க வேண்டும், தாண்டினால் விடை தாறுமாறாக வீங்கிக் குப்பையாகிவிடும். கூரான்ட், ஃப்ரீட்ரிக்ஸ், லெவி மூவரும் இந்த நிபந்தனையை 1928லேயே எழுதிவிட்டார்கள். கட்டத்தின் நீள அகலத்தைப் பாதியாக்கினால் கட்டங்கள் 4 மடங்கு, காலப் படிகள் 2 மடங்கு, மொத்தத்தில் வேலை 8 மடங்கு. இதையெல்லாம் நிரூபிக்கவும் தெரிந்து, எழுதி ஓட்டவும் தெரிந்த ஆள்தான் இந்தத் துறைக்கு வேண்டும், அது கணிதக்காரருக்கு எட்டாத தூரம் இல்லை.

சரி, எங்கே படிப்பது? ஐ.ஐ.டி. மெட்ராஸில் தொழில்சார் கணிதமும் அறிவியல் கணிப்பும் என்ற எம்.டெக். படிப்பைக் கணிதத் துறையே நடத்துகிறது. பெங்களூரு ஐ.ஐ.எஸ்சி.யில் கணக்கீட்டுக்கும் தரவுக்கும் என்றே தனித்துறை இருக்கிறது, பழைய சூப்பர் கம்ப்யூட்டர் மையத்திலிருந்து வந்தது. வெளிநாடு என்றால், எம்.ஐ.டி.யில் கணிதத் துறையில் இருந்துகொண்டே கணக்கீட்டையும் சேர்த்து பி.எச்டி. வாங்கலாம். இங்கே சேர்வதற்கான தேர்வுகளில் கேட் (GATE) கணிதத் தாளையும் சி.எஸ்.ஐ.ஆர். நெட்டையும் (NET) சேர்த்தே எழுதுங்கள். நெட் வழியாக ஜே.ஆர்.எஃப். என்ற ஆராய்ச்சி உதவித்தொகை கிடைத்தால் மாதம் 37,000 ரூபாய், வீட்டில் எப்போது வேலைக்குப் போவாய் என்ற கேள்வி கொஞ்சம் அடங்கும்.

நம்ம பக்கம் இருக்கிற குறை எண்ணியல் பகுப்பாய்வுப் பாடம்தான். வகைக்கெழுச் சமன்பாட்டைப் படிப்படியாகத் தீர்க்கும் ருங்கே-குட்டா முறையை கால்குலேட்டரில் நாலு தசமம் வரை போட்டு மார்க் வாங்கிவிட்டு, புரோகிராம் ஒரு வரிகூட எழுதாமல் வெளியே வந்துவிடுகிறோம். அதனால் இந்த வருஷமே பைத்தானில் வெப்பச் சமன்பாட்டை ஒரு பரிமாணத்தில் எழுதுங்கள், காலப் படியை வேண்டுமென்றே பெரிசாக்கிக் கெடுத்துப் பாருங்கள், ஏன் கெட்டது என்று நிரூபியுங்கள். அப்புறம் எண்ணியல் நேரியல் இயற்கணிதம், அதிலும் பெரும்பாலும் பூஜ்யங்களே நிறைந்த பெரிய ஐதான அணிகள் வரும் சமன்பாடுகளைத் தீர்க்கும் முறைகள். இயந்திரக் கற்றல் மோகத்தில் இதை விட்டுவிட்டு ஓடுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு எரிச்சல்தான் வரும், அதற்கும் அடியில் இருப்பது இதே அணிகள்தான்.

பேராசிரியர்களுக்கு மெயில் அனுப்பும்போது மார்க் பட்டியலோடு நிறுத்தாமல் அந்தப் புரோகிராமையும் இரண்டு பக்கக் குறிப்பையும் சேர்த்து அனுப்புங்கள்.