‘அனல்’ என்று எழுதினேன், பேன் பண்ணிவிட்டார்கள்

கேள்வி: எனக்கு 20 வயது. கல்லூரியில் படிக்கிறேன். மூன்று வருஷமாக ஒரு ஷூட்டிங் கேம் விளையாடுகிறேன். அந்த கேம் கம்பெனியே நடத்தும் சாட் சர்வரில் போன மாதம் ஒரு மேட்ச் பார்த்துக்கொண்டிருந்தபோது, ‘ஆட்டம் அனல் மச்சி’ என்று தமிழை ஆங்கில எழுத்தில் அடித்தேன். மெசேஜ் போகவில்லை. நெட் பிரச்சினை என்று நினைத்து ஐந்தாறு முறை அடித்தேன். கொஞ்ச நேரத்தில் ‘ஆபாசம், ஸ்பேம்’ என்று ஒரு வரி வந்தது. நிரந்தரத் தடை. அப்பீல் போட்டேன், பதில் இல்லை. மாடரேட்டர் ஒருவரைத் தேடிப் பிடித்து நாலு வார்த்தை சூடாக எழுதினேன், பிளாக் செய்துவிட்டார். புது ஐடியில் போனேன், அரை மணி நேரத்தில் அதற்கும் தடை. அக்காவின் ஐடியில் போனேன், அதுவும் போச்சு. அக்கா இப்போது என்னுடன் பேசுவதில்லை. எங்கள் டீம் டோர்னமென்ட்டுக்குப் பெயர் கொடுப்பதே அந்த சர்வரில்தான். இது அநியாயம் இல்லையா? நான் என்ன செய்வது?
– பெயர் வேண்டாம், ஈரோடு

பதில்:

தம்பி, முதல் தடை அநியாயம்தான். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் இரண்டாவதையும் மூன்றாவதையும் அப்படிச் சொல்ல மாட்டேன். அவர்கள் பக்கம் இருந்த தப்பை நீங்களே கையால் தள்ளி உங்கள் பக்கம் கொண்டுவந்து வைத்துக்கொண்டீர்கள். சிக்கல் அங்கேதான் இருக்கிறது.

முதலில் அந்த ‘அனல்’ விஷயம். அதை ஆங்கிலத்தில் ஏ, என், ஏ, எல் என்று அடித்திருப்பீர்கள். அந்த நாலு எழுத்துக்கு ஆங்கிலத்தில் என்ன அர்த்தம் என்று அக்காவிடம் கேட்க வேண்டாம், நீங்களே தேடிப் பாருங்கள். ஆபாசச் சொல் ஃபில்டர்கள் வழக்கமாகத் தடுக்கும் சொல் அது. நமக்கு வெயில் காலத்துச் சொல், தேர்தல் காலத்துச் சொல். பேச்சில் அனல் பறக்கும், களத்தில் அனல் பறக்கும். மெசேஜ்களைத் தானாகச் சோதிக்கும் பாட் (bot) அதையெல்லாம் கண்டதா?

இது உங்களுக்கு மட்டும் நேர்ந்ததில்லை. 1996-ல் இங்கிலாந்தில் ஸ்கன்தார்ப் என்ற ஊர்க்காரர்கள் ஏ.ஓ.எல். என்ற இணையச் சேவை நிறுவனத்தில் கணக்குத் தொடங்க முடியாமல் தவித்தார்கள். ஊர்ப் பெயருக்கு நடுவில் ஒரு கெட்ட வார்த்தை உட்கார்ந்திருக்கிறது என்று கணினி கண்டுபிடித்துவிட்டது! இந்த வகைக் கோளாறுக்கு அந்த ஊரின் பெயரையே வைத்துவிட்டார்கள். ஆங்கிலக்காரர் ஊருக்கே அந்தக் கதி என்றால், ஆங்கில எழுத்தைக் கடன் வாங்கித் தமிழ் எழுதும் நம் கதி என்ன? எழுத்து மட்டுமில்லை, அர்த்தமும் மாட்டிக்கொள்ளும். ‘செமயா கொன்னுட்டான்’ என்று நீங்கள் பாராட்டினால், அதை மொழிபெயர்ப்புக் கருவியில் போட்டுப் பார்க்கும் வெளிநாட்டு மாடரேட்டருக்கு அது கொலைச் செய்தியாகத் தெரியலாம்.

(மாடரேட்டரைச் சுருக்கி ‘மாட்’ என்பதுதான் உங்கள் வழக்கம் என்று தெரியும். ஆனால் நான் அப்படி எழுதினால் ‘மாட்டுக்கு’, ‘மாட்டை’ என்று போய்விடும். அவர்களைக் கோபப்படுத்த வேண்டாம், முழுசாகவே எழுதுகிறேன்.)

அடுத்து, மெசேஜ் போகவில்லை என்று ஐந்தாறு முறை அடித்தீர்களே, அந்தப் பக்கம் என்ன தெரிந்திருக்கும் என்று யோசித்தீர்களா? டிஸ்கார்டு போன்ற சாட் தளங்களில் தானியங்கி ஃபில்டர் ஒரு மெசேஜைத் தடுத்தால், அது சர்வரில் யாருக்கும் தெரியாது. மாடரேட்டர்களின் தனி அறையில் மட்டும் ஒரு எச்சரிக்கை விழும். உங்கள் திரையில் வெறும் ‘போகவில்லை’. அவர்கள் திரையில் ஒரே ஆள், ஒரே ஆபாசச் சொல், ஒரு நிமிஷத்துக்குள் ஆறு முறை. அந்தச் சிவப்பு வரிசையை மட்டும் பார்ப்பவருக்கு நீங்கள் வேண்டுமென்றே வம்பு செய்கிற ஆள்.

நானும் அந்த நாற்காலியில் உட்கார்ந்தவன். சம்பளம் கிடையாது, ஒரு கார் ரேஸ் கேமின் ரசிகர் சர்வரில் இரண்டு வருஷம் இரவுக் காவல். ஒரு நாள் ராத்திரி ஒரு மணிக்கு எச்சரிக்கை அறையைத் திறந்தால் நாற்பது சொச்சம் மெசேஜ் கிடக்கிறது. பாதிக்கு மேல் ஒரே கும்பல் வேண்டுமென்றே கொட்டிய அசிங்கம். வரிசையாக பேன், பேன், பேன் என்று தட்டிக்கொண்டே வந்தேன். அந்த வேகத்தில், கும்பலுக்கு எதிராகச் சண்டை போட்டுக்கொண்டிருந்த பையனையும் சேர்த்துத் தட்டிவிட்டேன். கும்பல் எழுதிய சொல்லை மேற்கோள் காட்டி ‘இப்படிப் பேசாதே’ என்று அவன் எழுதியிருந்தான். நான் அந்தச் சொல்லை மட்டும்தான் பார்த்தேன். ஆறு நாள் கழித்து அவனுடைய அப்பீலைப் படித்தபோதுதான் விஷயமே தெரிந்தது. மூன்று வரி அப்பீல். திட்டு எதுவும் இல்லை. எந்த மெசேஜ், எத்தனை மணிக்கு, யாருக்குப் பதிலாக எழுதினான் என்று இருந்தது. தடையை எடுக்க எனக்கு ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. அதே வாரத்தில் வந்த இன்னொரு அப்பீல் நாலு பக்கம். முதல் பத்தியிலேயே என் அம்மா வந்துவிட்டார். இரண்டாவது பத்திக்கு நான் போகவே இல்லை. அவன் பக்கம் நியாயம் இருந்ததோ என்னவோ.

மாடரேட்டர்கள் எல்லோரும் அப்பாவிகள் என்று சொல்ல வரவில்லை. தனக்குப் பிடிக்காதவனைத் தூக்குவது, நண்பனுக்கு ஒரு சட்டம் மற்றவனுக்கு ஒரு சட்டம், கேமில் உள்ள கோளாறைச் சொன்னவனை ‘எதிர்மறை’ என்று சொல்லி வாயடைப்பது, எல்லாம் நடக்கிறது. என் கண் முன்னாலேயே நடந்திருக்கிறது. ஆனால் உங்கள் கேஸ் அந்த வகை என்று காட்ட கடிதத்தில் ஒன்றும் இல்லை. தூக்கக் கலக்கத்தில் தட்டிய பட்டன் மாதிரிதான் தெரிகிறது.

பெரிய கம்பெனிகளே இப்படிச் சறுக்கியிருக்கின்றன. 2010 ஜூலையில், வால்வ் கம்பெனியின் கேம் விற்பனைத் தளமான ஸ்டீமில் மாடர்ன் வார்ஃபேர் 2 என்ற கேமை ஆடிக்கொண்டிருந்த சுமார் 12,000 பேரை, சீட்டிங் செய்தார்கள் என்று சொல்லித் தடை செய்தார்கள். விசாரித்தால் ஒருவர் மேலும் தப்பில்லை. ஸ்டீம் கேமை அப்டேட் செய்துகொண்டிருந்த நேரத்தில், டிஸ்கில் இருந்த கோப்பும் மெமரியில் இருந்த கோப்பும் ஒத்துப்போகவில்லை. அதைப் பார்த்த கருவி, ஹேக் என்று முடிவு கட்டிவிட்டது. வால்வ் தலைவர் கேப் நியூவெல் மன்னிப்புக் கேட்டு எழுதினார். தடையை நீக்கி, லெஃப்ட் 4 டெட் 2 கேமை இலவசமாகவும் கொடுத்தார்கள். 2023 அக்டோபரிலும் ஒரு கூத்து. கம்ப்யூட்டர் சிப் தயாரிக்கும் ஏ.எம்.டி. தன் கிராஃபிக்ஸ் டிரைவரில் ‘ஆன்டி-லேக் பிளஸ்’ என்று ஒரு வசதி கொடுத்தது. அதை ஆன் செய்துவிட்டு வால்வின் கவுன்டர்-ஸ்ட்ரைக் 2 கேமை ஆடியவர்களுக்குத் தடை விழுந்தது. கேமின் கோப்புக்குள் அந்த டிரைவர் கையை விட்டதைக் காவல் மென்பொருள் திருட்டுத்தனம் என்று எடுத்துக்கொண்டது. ஏ.எம்.டி. அந்த டிரைவரைத் திரும்பப் பெற்றது, வால்வும் தடைகளை நீக்க முன்வந்தது.

ஆனால் அங்கே ஒரே நேரத்தில் ஆயிரக்கணக்கானவர்கள் கத்தினார்கள். கம்பெனி திரும்பிப் பார்த்தே ஆகவேண்டும். உங்கள் ‘அனல்’ தனியாள் கேஸ். யாரும் தானாக வந்து பார்க்கப்போவதில்லை. உங்களிடம் இருப்பது ஒரே ஒரு கடிதம்தான், அதையும் அவசரத்தில் வீணாக்கியிருக்கிறீர்கள்.

அந்தப் புது ஐடி விஷயத்தைக் கொஞ்சம் பேசியாக வேண்டும். தடையை ஏமாற்றி உள்ளே வருவது அநேகமாக எல்லா சர்வர் விதிகளிலும் தனிக் குற்றம். முதல் தடை சரியா தப்பா என்ற பேச்சே அதற்குக் கிடையாது. ‘அனல்’ என்றால் வெப்பம் என்று நீங்கள் நிரூபித்தாலும், ‘சரி, அது எங்கள் பிழை. நீங்கள் ஏன் வேறு இரண்டு ஐடியில் வந்தீர்கள்?’ என்று கேட்டால் என்ன சொல்வீர்கள்? அக்காவின் ஐடி அவ்வளவு சீக்கிரம் எப்படிப் பிடிபட்டது என்று குழம்பியிருப்பீர்கள். ஒரே வைஃபை என்றால் பல நேரம் ஐ.பி. முகவரியே காட்டிக்கொடுத்துவிடும். அதோடு, உள்ளே போன வேகத்தில் ‘என்னை ஏன் பேன் செய்தீர்கள்’ என்றுதானே கேட்டிருப்பீர்கள்?

சரி, இனி ஆக வேண்டியது. இன்னும் ஒரு ஐடி தயாராக வைத்திருந்தால் அதைத் தொடாதீர்கள். சர்வரின் விதிகளை நண்பன் ஒருவனின் திரையில் ஒரு தடவை முழுசாகப் படியுங்கள். ‘இந்தச் சேனலில் ஆங்கிலம் மட்டும்’ என்று ஒரு விதி இருக்கலாம். இருந்தால் அதை நீங்கள் மீறியிருக்கிறீர்கள், கடிதத்தில் நீங்களே முந்திக்கொண்டு ஒப்புக்கொள்ளுங்கள். பிறகு, நடந்த தேதி, மேட்ச், நேரம் எல்லாவற்றையும் நினைவில் இருக்கும்போதே குறித்துக்கொள்ளுங்கள். ஃபில்டர் தடுத்த மெசேஜுக்கு உங்களிடம் ஸ்கிரீன்ஷாட் இருக்காது, ஆனால் அவர்களின் பதிவில் இருக்க வாய்ப்பு உண்டு. நேரத்தைச் சொன்னால்தான் தேடி எடுப்பார்கள்.

அப்பீல் படிவத்தில் எளிய ஆங்கிலத்தில் எழுத வேண்டியது ஏறக்குறைய இவ்வளவுதான்:

‘இந்தத் தேதியில், இந்த நேரத்தில், இந்தச் சேனலில் ஒரு தமிழ் வாக்கியம் எழுதினேன். தமிழில் அனல் என்றால் கடும் வெப்பம். ஆட்டம் சூடுபிடித்தது என்று சொல்ல அதைப் பயன்படுத்துவோம். ஆங்கில எழுத்தில் அது ஆபாசச் சொல்லாகத் தெரியும் என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை. மெசேஜ் போகவில்லை என்று நினைத்துத் திரும்பத் திரும்ப அனுப்பினேன். பிறகு வேறு இரண்டு ஐடிகளில் உள்ளே வந்ததும், மாடரேட்டருக்குக் கோபமாக எழுதியதும் என் தவறு, மன்னிக்கவும். பதிவைப் பார்த்து முதல் தடையை மறுபரிசீலனை செய்ய முடியுமா?’

வேறு எதையும் சேர்க்காதீர்கள். மூன்று வருஷம் ஆடினேன், இவ்வளவு பணம் போட்டேன் என்பதெல்லாம் உங்களுக்குப் பெரிது, அதைப் படிப்பவருக்கு மிரட்டல் மாதிரி இருக்கும். அனுப்பிவிட்டு இரண்டு வாரம் சும்மா இருங்கள். பதில் வராவிட்டால் ஒரே ஒரு முறை நினைவூட்டலாம். அதற்கும் பதில் இல்லை என்றால், சர்வர் கம்பெனியுடையது என்பதால், கேமின் வாடிக்கையாளர் சேவைக்கு அதே கடிதத்தை அனுப்புங்கள். ரசிகர்கள் நடத்தும் சர்வர் என்றால் இந்த வழியும் இருந்திருக்காது.

சட்டம் உதவுமா என்று சிலர் கேட்பார்கள். நம் நாட்டில் 2021-ல் வந்த தகவல் தொழில்நுட்ப விதிகளின்படி, இத்தகைய தளங்கள் குறைதீர்ப்பு அதிகாரி ஒருவரை வைத்திருக்க வேண்டும். புகார் வந்தால் 24 மணி நேரத்தில் ஒப்புகை தர வேண்டும். அவர் முடிவு பிடிக்காவிட்டால் 30 நாளுக்குள் மேல்முறையீட்டுக் குழுவுக்குப் போகலாம். இந்தக் குழுக்கள் 2023 ஜனவரியில் அமைக்கப்பட்டன. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் தளமே உங்கள் கணக்கை முடக்கினால்தான் இந்த வழி பெரிதாக உதவும். ஒரு சர்வரின் நிர்வாகி உங்களை வெளியேற்றினால், ‘அது அவர்கள் வீட்டு விவகாரம்’ என்று தளம் கையை விரித்துவிடும். டிஸ்கார்டு அதை வெளிப்படையாகவே சொல்கிறது. இந்தக் கேஸில் அந்தப் பக்கம் அலைய வேண்டாம் என்பதுதான் என் அபிப்பிராயம்.

கேம் கணக்குக்கு இதுவரை எதுவும் ஆகவில்லை என்று நினைக்கிறேன், ஆனதாகக் கடிதத்தில் நீங்கள் சொல்லவில்லை. அப்படியானால் ஆடுவதற்குத் தடையில்லை. டோர்னமென்ட்டுக்கு டீமில் வேறொருவரைக் கேப்டனாகப் போட்டு அவர் பெயரில் பதிவு செய்யச் சொல்லுங்கள். அதற்கு முன், சர்வரில் தடை உள்ளவர் ஆடலாமா என்று போட்டி விதியை அவரையே கேட்டுத் தெரிந்துகொள்ளச் சொல்லுங்கள். ஜெயித்த பிறகு தகுதி நீக்கம் ஆனால் நாலு பேர் உழைப்பும் போகும். திரும்ப உள்ளே விட்டார்களானால் ‘அனல்’ என்பதைத் தமிழ் எழுத்திலேயே அடியுங்கள்.

கடைசியாக அக்கா. இவ்வளவிலும் ஒரு எழுத்துகூடத் தப்பாக அடிக்காதவர் அவர் ஒருவர்தான். உங்களுக்காக அப்பீல் அனுப்பும் முன், அவருடைய ஐடிக்காகத் தனியாக ஒன்று அனுப்புங்கள்: ‘இது என் அக்காவின் கணக்கு, அவருக்குத் தெரியாமல் பயன்படுத்தினேன், அவர் மேல் உள்ள தடையை மட்டுமாவது நீக்குங்கள்.’ அனுப்புவதற்கு முன் அவரிடம் படித்துக் காட்டுங்கள்.