அந்த 40 நிமிடங்கள்

வணக்கம் மேடம்,

எனக்கு 43 வயது, என் கணவருக்கு 47. நான்கு வருடங்களுக்கு முன் அவருக்கு நிணநீர்ப் புற்றுநோய் என்று தெரிந்தது. ஆறு மாதம் கீமோ கொடுத்தார்கள். அதன்பின் ஒவ்வொரு செக்கப்பும் நல்லபடியாகவே முடிந்திருக்கிறது. வேலைக்குப் போகிறார், நன்றாகத் தூங்குகிறார், பழையபடி உரக்கச் சிரிக்கிறார். அந்த வகையில் எங்களுக்கு ஒரு குறையும் இல்லை.

வார்டில் இருந்தபோது, நோயாளிகளோடு வந்தவர்கள் தங்க இடமில்லாமல் நாற்காலியிலேயே இரவைக் கழித்ததை அவர் தினமும் பார்த்தார். அது அவர் மனதிலேயே இருந்திருக்கிறது. அப்படிப்பட்டவர்களுக்குத் தங்குமிடம் நடத்தும் ஒரு சிறிய அறக்கட்டளைக்காக, நாம் இருவரும் 10 நாளில் 900 கிலோமீட்டர் சைக்கிளில் போய் நிதி திரட்டலாமா என்று போன வருடம் கேட்டார். சரி என்றேன். அவர் கேட்டதால்தான் சரி என்றேன். இருவருமே கல்லூரிக் காலத்துக்குப் பின் சைக்கிளைத் தொட்டவர்கள் இல்லை.

பயிற்சி தொடங்கி எட்டு மாதம் ஆகிறது. எனக்குச் சைக்கிள் வந்துவிட்டது. மேடு வந்தால் என் கால்கள் பயப்படுவதில்லை. அவருக்கு மூச்சு வாங்குகிறது. முதலில் அவருக்காக மெதுவாகப் போனேன். வேண்டுமென்றே மெதுவாகப் போகிறேன் என்று தெரிந்தால் அவர் முகம் வாடிவிடும். என்னை எட்டிப்பிடிக்கப் பல்லைக் கடித்துக்கொண்டு மிதிப்பார். அவர் அறைச் சுவரில் டெர்ரி ஃபாக்ஸ் படம் இருக்கிறது. புற்றுநோயில் ஒரு காலை இழந்து, செயற்கைக் காலோடு கனடாவின் குறுக்கே நிதிக்காக ஓடிய இளைஞர். “அவருக்கு ஒரு கால். எனக்கு ரெண்டு இருக்கு” என்பார்.

ஆறு வாரத்துக்கு முன் 80 கிலோமீட்டர் பயிற்சி. 50 தாண்டியதும் சாலை லேசாக இறங்கியது. ஆளில்லாத, நேரான சாலை. மிதித்தேன். அவ்வளவுதான் நினைவிருக்கிறது. மருந்து வேளை, ரத்த அறிக்கை, அவர் முகத்தின் நிறம், எதுவும் மனதில் இல்லை. அவரே மனதில் இல்லை. ஒரு திருப்பத்தில் நின்று தண்ணீர் குடிக்கும்போதுதான் பின்னால் யாரும் வரவில்லை என்று பார்த்தேன். திரும்பிப் போனால், சாலையோரம் சைக்கிளைப் போட்டுவிட்டு உட்கார்ந்திருந்தார். வியர்த்துக் கொட்டியது, கை நடுங்கியது, பேச்சு குழறியது. இரண்டு முறை போன் செய்திருக்கிறார். காற்றுச் சத்தத்தில் எனக்குக் கேட்கவில்லை. 40 நிமிடம் ஆகியிருந்தது. என்னிடமிருந்த இனிப்பைச் சாப்பிட்டதும் கால் மணி நேரத்தில் தெளிந்துவிட்டார். “என்னை மறந்துட்டியா?” என்று கேட்டார். “இல்லை” என்றேன்.

பொய் சொன்னேன் மேடம். மறந்துதான் போயிருந்தேன். அதைவிட மோசம், இந்த நான்கு வருடத்தில் நான் சந்தோஷமாக இருந்தது அந்த 40 நிமிடம்தான்.

அன்றிலிருந்து அவருக்குப் பின்னாலேயே போகிறேன். கண் அவர் முதுகை விட்டு நகர்வதில்லை. போன வாரம் சைக்கிளை நிறுத்திவிட்டுச் சொன்னார்: “ஆஸ்பத்திரியில பார்த்த மாதிரியே பார்க்கிறே. உனக்கு நான் இன்னும் நோயாளிதானா?” அதற்குப் பின் இருவரும் சரியாகப் பேசவில்லை.

பயணத்துக்கு இன்னும் ஏழு வாரம். 200 பேருக்கு மேல் பணம் தந்துவிட்டார்கள். நன்கொடை கேட்டு அச்சடித்த அட்டையில் நாங்கள் தோளோடு தோள் சாய்ந்து சிரிக்கும் படம் இருக்கிறது. அதைப் பார்த்தாலே எனக்குக் கூசுகிறது. விலகிவிடலாமா? விலகினால் அவர் உடைந்துபோவார், கொடுத்தவர்களுக்கும் பதில் சொல்ல வேண்டும். போனால், மறுபடியும் அவரை எங்காவது விட்டுவிட்டுப் போய்விடுவேனோ என்று பயமாக இருக்கிறது.

— பெயர் வேண்டாம்

*

அன்புள்ள சகோதரி,

நீங்கள் குற்றமாக எழுதியிருக்கும் அந்த 40 நிமிடத்தைப் படித்தபோது எனக்கு நிம்மதிதான் வந்தது.

கீமோ மாதங்களை நினைத்துப் பாருங்கள். காய்ச்சல் 100.4 டிகிரியைத் தொட்டால் நள்ளிரவானாலும் கூட்டிக்கொண்டு வந்துவிடுங்கள் என்று சொல்லி அனுப்பியிருப்பார்கள். அவர் நெற்றியைத் தொட்டுப் பார்த்தே விடிந்த இரவுகள் எத்தனை இருந்திருக்கும்! சிகிச்சை முடிந்ததும் நோயாளியிடம் “நீங்கள் போகலாம்” என்று சொல்வார்கள். பக்கத்தில் நிற்பவரிடம் “நீங்கள் இனிக் காவல் இருக்க வேண்டாம்” என்று யாரும் சொல்வதில்லை. நோய் திரும்பிவிடுமோ என்ற பயம் பிழைத்து வந்தவரைவிடப் பார்த்துக்கொண்டவரிடம் அதிகமாக இருப்பதை என் அறையில் பலமுறை கண்டிருக்கிறேன். உங்கள் உடம்பு நான்கு வருடமாக அந்தக் காவலில் இருந்தது. ஒரு நேரான சாலையில் அது தானாகவே கீழே இறக்கி வைத்துவிட்டது. அதனால் உங்கள் அன்பு குறைந்துவிட்டது என்று அர்த்தமில்லை. உங்களுக்கு ஓய்வே இல்லாமல் போயிருக்கிறது, அதைத்தான் அந்தச் சந்தோஷம் காட்டுகிறது.

அன்று அவருக்கு நேர்ந்ததையும் தனியாகப் பார்க்க வேண்டும். நீங்கள் இரண்டையும் சேர்த்து முடிச்சுப் போட்டுவிட்டீர்கள். நான் பார்க்க மறந்தேன், அதனால் அவர் விழுந்தார் என்று. நீங்கள் சொல்லும் அறிகுறிகளை நீண்ட தூரம் ஓட்டுபவர்கள் நன்றாக அறிவார்கள். தசையிலும் ஈரலிலும் சேமித்திருக்கும் மாவுச்சத்து, அழுத்தி மிதித்தால் ஒன்றரை இரண்டு மணி நேரத்தில் தீர்ந்துவிடும். இடையில் சாப்பிடாவிட்டால் திடீரென்று கால் கனக்கும், கை நடுங்கும், பேச்சு குழறும். இனிப்பு உள்ளே போனதும் கால் மணி நேரத்தில் தெளிந்தார் என்றால், பெரும்பாலும் அதுவாகத்தான் இருக்கும். பசி எடுக்கும்வரை காத்திருக்காமல் அரை மணிக்கு ஒருமுறை ஏதாவது சாப்பிடுவது என்று இருவரும் வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் பார்வை அவர் முதுகிலேயே இருந்திருந்தாலும், சாப்பிடாமல் மிதித்திருந்தால் அவர் உட்கார்ந்திருப்பார்.

ஆனாலும் “பெரும்பாலும்” என்றுதான் என்னால் சொல்ல முடியும். நான் புற்றுநோய் மருத்துவர் இல்லை. அதனால் ஒன்றைக் கண்டிப்பாகச் செய்யுங்கள். நிணநீர்ப் புற்றுநோய்க்குக் கொடுக்கும் மருந்துகளில் டாக்ஸோரூபிசின் பெரும்பாலும் இருக்கும். அது சிலருக்கு வருடங்கள் கழித்தும் இதயத்தைப் பலவீனப்படுத்தலாம். பிளியோமைசின் கொடுத்திருந்தால் நுரையீரலையும் கவனிக்க வேண்டும். வின்கிரிஸ்டின் போன்றவை விரல்களை மரத்துப்போகச் செய்யும். நீண்ட இறக்கத்தில் பிரேக் பிடிக்க அந்த விரல்கள் வேண்டும். எந்த மருந்துகள் போனது என்ற பட்டியலோடு அவருடைய மருத்துவரிடம் போய், 80 கிலோமீட்டரில் நடந்ததையும் மேட்டில் மூச்சு வாங்குவதையும் சொல்லி, இதய எக்கோ தேவையா என்று இந்த வாரமே கேளுங்கள். மருத்துவர் சரி என்று சொல்லும்வரை நீண்ட பயிற்சி வேண்டாம். இந்த வேலையை அவரே செய்யட்டும். நேரம் வாங்குவது, பட்டியலை எடுத்து வைப்பது, கேள்வி கேட்பது எல்லாம் அவர். நீங்கள் கூடப் போங்கள், அது போதும்.

அவர் பல்லைக் கடித்து மிதிப்பதைப் பற்றி. 1898-இல் நார்மன் டிரிப்லெட் என்ற அமெரிக்க உளவியலாளர் சைக்கிள் பந்தயக் குறிப்புகளைப் புரட்டிப் பார்த்தார். தனியாகக் கடிகாரத்தோடு மோதியவர்களைவிட, முன்னால் வழிகாட்ட ஒருவர் இருந்தவர்களும் போட்டியில் ஓட்டியவர்களும் வேகமாகப் போயிருந்தார்கள். பக்கத்தில் இன்னொரு மனிதர் இருந்தாலே நாம் நம் அளவை மீறி முயல்கிறோம் என்பது உளவியல் மிக ஆரம்பத்திலேயே ஆராய்ந்த விஷயங்களில் ஒன்று, அதுவும் சைக்கிளை வைத்து. எனவே அவர் உங்கள் வேகத்துக்கு இழுபடுவதில் பிடிவாதம் பாதிதான் இருக்கும். மீதியை அவர் விரும்பினாலும் தடுப்பது கஷ்டம். நீங்கள் கண்ணுக்கு எட்டும் தூரத்தில் முன்னால் போகும்வரை அவர் தன் அளவை மீறிக்கொண்டுதான் இருப்பார்.

அப்படியானால் எங்கே போவது? இந்த ஆறு வாரமாக நீங்கள் தேர்ந்தெடுத்திருக்கும் இடம், அதாவது அவருக்குப் பின்னால், அவருக்கு எந்த உதவியும் செய்வதில்லை. சைக்கிள் ஓட்டுபவர் தன் உழைப்பில் பெரும்பகுதியைக் காற்றை விலக்கவே செலவிடுகிறார். முன்னால் போகும் ஒருவரை ஒட்டி வந்தால் அந்தச் செலவு குறையும். எதிர்காற்று பலமாக இருந்தால் நாலில் ஒரு பங்கு உழைப்புகூட மிச்சமாகலாம். பலசாலி முன்னால், மற்றவர் சுமார் ஒரு மீட்டர் பின்னால். 20 மீட்டர் தள்ளிப் போனால் அந்த நிழல் அவருக்குக் கிடைக்காது. ஆகவே எதிர்காற்று வரும் சாலையில் நீங்கள்தான் முன்னால் போக வேண்டும், அவர் சொல்லும் வேகத்தில். “மெதுவா”, “சரி, போலாம்” என்று அவர் குரல் கொடுக்கட்டும். மேட்டில் அவர் முன்னால் போய்த் தன் வேகத்தைத் தானே வைத்துக்கொள்ளட்டும். அந்த மெதுவான வேகத்தில் காற்று பெரிதில்லை. ஒட்டிப் போவதற்குப் பழக்கம் வேண்டும். ஆளில்லாத சாலையில் பழகுங்கள். அவருடைய முன்சக்கரம் உங்கள் பின்சக்கரத்தைத் தாண்டிப் பக்கவாட்டில் வரக்கூடாது. உரசினால் விழப்போவது பின்னால் வருபவர்தான். பள்ளம் இருந்தால் கையைக் காட்டுங்கள், பிரேக் பிடிக்குமுன் வாய்விட்டுச் சொல்லுங்கள். இப்படிப் போகும்போது நீங்கள் அவரைப் பார்க்கவே முடியாது. குரலை நம்பித்தான் போக வேண்டும். உங்களுக்கு இது கஷ்டமாக இருக்கும், தெரியும்.

அப்புறம், ஒவ்வொரு நாளும் ஒரு மணி நேரம் உங்களுக்கென்று ஒதுக்குங்கள். இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். காலையிலேயே சந்திக்கும் இடம் முடிவாகட்டும். அவரிடம் சாப்பிட இருக்கிறது, போனில் சார்ஜ் இருக்கிறது, எத்தனை மணிக்குள் அவர் வராவிட்டால் நீங்கள் திரும்பி வருவீர்கள் என்று இருவருக்கும் தெரியும். அதன்பின் நீங்கள் உங்கள் கால் சொல்லும் வேகத்தில் போங்கள். உங்கள் போன் உடம்பில் அதிரும்படி இருக்கட்டும். ஒளித்துச் சந்தோஷப்பட்டதால்தான் அது குற்றமானது. சொல்லிவிட்டுப் போனால், போய் வந்து அந்தச் சாலை எப்படி இருந்தது என்று அவரிடமே சொல்லலாம்.

200 பேருக்கு என்ன பதில் என்று கேட்டிருந்தீர்கள். உங்கள் கணவர் சுவரில் ஒட்டியிருக்கும் அந்த இளைஞரையே எடுத்துக்கொள்கிறேன். நோயின் பெயரே உங்களை நடுங்கவைக்கும் என்று தெரிந்தும் சொல்கிறேன், ஏனென்றால் அவர் படம் தினமும் உங்கள் வீட்டில்தான் இருக்கிறது. டெர்ரி ஃபாக்ஸ் கனடாவை முழுதாகக் கடக்கவில்லை. 1980-இல் 143 நாள் ஓடி, 5,373 கிலோமீட்டரில் நிறுத்தினார். நோய் நுரையீரலுக்குப் பரவியிருந்தது. நாட்டு மக்கள் ஆளுக்கு ஒரு டாலர் தர வேண்டும் என்பதுதான் அவர் கேட்டது. அவர் ஓட்டத்தை நிறுத்திய சில மாதங்களில், அவர் உயிரோடு இருக்கும்போதே, 2 கோடியே 40 லட்சம் டாலருக்கு மேல் சேர்ந்துவிட்டது. நின்றுவிட்டாயே என்று அவரிடம் யார் கேட்டார்கள்? உங்களுக்குக் கொடுத்தவர்கள் நாற்காலியில் இரவைக் கழிக்கும் அந்தக் குடும்பங்களுக்காகக் கொடுத்தார்கள். உங்கள் இருவரின் சக்கரமும் ஒரே நேரத்தில் கோட்டைத் தாண்ட வேண்டும் என்று கொடுக்கவில்லை. இருந்தாலும் இப்போதே அவர்களுக்கு நான்கு வரி எழுதுங்கள்: மருத்துவர் சொல்வதைப் பொறுத்து தூரம் குறையலாம், சில நாள் ஒருவர் மட்டும் ஓட்டலாம், பணம் எப்படியும் அறக்கட்டளைக்குப் போய்ச் சேரும். 900 ஐ 15 நாளாகப் பிரித்தால் ஒரு நாளைக்கு 60தான் வருகிறது, அதையும் யோசியுங்கள்.

விலகுவதா வேண்டாமா என்பதை இன்று முடிவு செய்யாதீர்கள். அதற்கு முன் அந்தப் பொய்யைத் திருத்த வேண்டும். “மறந்துட்டியா” என்று அவர் கேட்டதற்கும் “நோயாளிதானா” என்று கேட்டதற்கும் பதில் ஒன்றுதான், அதை அவர் இன்னும் கேட்கவில்லை. ஆமாம், அன்று மறந்தேன். நீங்கள் நோயாளி என்பதை மறந்தேன். நான்கு வருடத்தில் முதல்முறை. அவருக்கு முதலில் வலிக்கலாம். கொஞ்சம் நேரம் கொடுங்கள். நான் பழகிய வரையில், நோயிலிருந்து மீண்டவர்கள் ரொம்பவும் ஏங்குவது அப்படி மறக்கப்படுவதற்குத்தான்.

பயிற்சிக்கு நடுவே இதைப் பேச வேண்டாம்; காற்றில் பாதி காதில் விழாது, களைப்பில் மீதி தவறாக விழும். வீட்டில் உட்கார்ந்து பேசுங்கள். வார்த்தை வராவிட்டால், ஆளில்லாத சாலையைப் பற்றி எனக்கு எழுதினீர்களே, அந்தப் பத்தியை அப்படியே அவரிடம் படித்துக் காட்டுங்கள்.